பட்டர் நெக் விஷயத்தில் மூன்று முறை பெங்களூரு போய் நான் பட்ட பாடு

பதினெட்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய பட்டர், அதாவது கோல்ஃபில் பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை, இப்போது பீரோவுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நிற்கிறது. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. பட்டர் கெட்ட பட்டர் இல்லை, நல்ல சரக்குதான். என் கைக்கு ஆகாத நெக் (தண்டு தலையோடு சேரும் கழுத்து) அதில் இருந்தது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. அடுத்தவர் யாரும் இதே குழியில் விழக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நான் இருப்பது கிருஷ்ணகிரி, கிரானைட் யார்டில் வேலை. ஞாயிறு விடிகாலையில் கிளம்பி ஓசூர்ப் பக்கம் போய் ஆடிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவது வழக்கம். நான்கு வருடமாக நண்பர் ஒருவரின் பழைய பிளேடு பட்டரை (தலை ஒல்லியாக இருப்பது) வைத்து ஆடினேன். அவருக்கு வேலை மாற்றல் வந்தது, பட்டரும் அவரோடு போனது. அதன் நெக் எப்படி இருந்தது என்று ஒரு நாளும் நான் உற்றுப் பார்த்ததில்லை. பந்து குழிக்குள் போய்க்கொண்டிருந்தது, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பெங்களூரு கடைக்குப் போன் செய்தேன். "நாளைக்கு வாங்க சார், பிட்டிங் பண்ணித் தர்றோம்" என்றார்கள். அடிக்கும் விதத்தைப் பார்த்துக் கைக்கு ஏற்ற பட்டரைத் தேர்ந்து தருவதுதான் பிட்டிங். சனிக்கிழமை அத்திப்பள்ளியில் ஆரம்பித்த நெரிசலை எல்லாம் தாண்டி, 90 கிலோமீட்டர் போய் நின்றால், பிட்டிங் செய்பவர் விடுமுறை. போன் எடுத்தவர் யார் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. போகும் நாள் காலையில் இன்னொரு முறை போன் போட்டு, பிட்டிங் செய்யும் ஆளின் பெயரையே கேட்டு, அவர் வந்திருக்கிறாரா என்று உறுதி செய்துகொண்டு வண்டியை எடுங்கள்.

இரண்டாம் முறை அவர் இருந்தார். ஆறடி நீளத்துக்கு ஒரு செயற்கைப் புல்விரிப்பு, அதன் முனையில் ஒரு குழி. ஐந்தாறு பந்து அடிக்கச் சொன்னார். என் கையைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. "மாலட் எடுத்துக்குங்க சார், டபுள் பெண்ட், ஃபேஸ் பேலன்ஸ்டு. எல்லாருக்கும் செட் ஆகும்" என்றார். மாலட் என்றால் பருத்த தலை, டபுள் பெண்ட் என்றால் தண்டே இரண்டு இடத்தில் வளைந்து தலையில் இறங்குவது. ஆறடியில் எல்லாம் உள்ளே போனது. வாங்கிவிட்டேன். பில் போடும் முன்பே கிரிப் மேலிருந்த பிளாஸ்டிக் உறையை அவரே கிழித்துக் கொடுத்தார்.

அடுத்த இரண்டு ஞாயிறும் தலைவலி. எட்டடி, பத்தடி எல்லாம் குழியின் வலது உதட்டை உரசிக்கொண்டு போகிறது. இழுத்து அடித்தால் இடது பக்கம். மூன்றாவது வாரம் திரும்பப் பெங்களூரு போய், இதே தலையில் வேறு நெக் மாற்றித் தாருங்கள் என்று கேட்டேன். உறை பிரித்தாகிவிட்டது, மாற்ற முடியாது என்றார்கள். உறையைப் பிரித்தது நீங்கள்தானே என்றேன். பில்லின் பின்பக்கம் அச்சடித்திருந்த வரியை விரலால் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டவன் நான். பேசாமல் திரும்பி வந்தேன். ஓசூர் தாண்டும்வரை வண்டியில் ஒரு பாட்டுகூடப் போடவில்லை.

விஷயத்தைப் பிடித்தது கோர்ஸில் பல வருடமாகக் கேடியாக (ஆடுபவரின் மட்டைகளைச் சுமந்து கூட வருபவர்) இருக்கும் ஒரு அண்ணன். பட்டரை வாங்கித் தண்டை ஆள்காட்டி விரல்மேல் கிடத்தினார். தலை ஆடி நின்றதும், பந்தை அடிக்கும் முகம் வானத்தைப் பார்த்தது. "பார்த்தீங்களா சார், இது நேரா இழுத்து நேரா தள்றவங்களுக்கு. உங்க கை பின்னாடி போகும்போது உள்பக்கமா வருது. நாலு வருசமா பார்க்குறேனே. பழைய பட்டரை இப்படி வெச்சா மூக்கு கீழ சாயும்."

"அப்பவே சொல்லியிருக்கக் கூடாதாண்ணா?"

"நீங்க வாங்கிட்டு வந்துதான சார் காட்டுனீங்க."

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. கேட்க வேண்டியவரிடம் நான் கேட்கவில்லை.

விரலில் வைத்துப் பார்ப்பதில் என்ன தெரிகிறது என்றால், தண்டின் கோடு தலையின் எடை மையத்தை நோக்கிப் போகிறதா, இல்லை ஹீல், அதாவது நம் கால் பக்கத்து முனை, அந்தப் பக்கம் ஒதுங்கிப் போகிறதா என்பதுதான். மையத்தை நோக்கிப் போனால் முகம் மேலே பார்த்து நிற்கும், அதுதான் ஃபேஸ் பேலன்ஸ்டு. ஒதுங்கினால் மறுமுனை, அதாவது டோ, கீழே தொங்கும். கதவு கீலில் தொங்குகிற மாதிரி. கீல் ஓரத்தில் இருந்தால்தான் கதவு சுலபமாகத் திறந்து மூடும். வளைவாக அடிப்பவன் கையில் முகம் பின்னால் போகும்போது கொஞ்சம் திறந்து, வரும்போது மூட வேண்டும். டோ தொங்கும் பட்டர் அதற்கு இடம் கொடுக்கிறது. என்னுடைய டபுள் பெண்ட் அதைத் தடுத்தது. முகம் மூடுவதற்குள் பந்து கிளம்பிவிட்டது, அதனால்தான் வலது பக்கம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்தடி தூரத்தில் முகம் 1 டிகிரி விலகி, பந்து அந்தத் திசையிலேயே போனால், குழியருகே 53 மில்லிமீட்டர் தள்ளிப் போகும். குழியின் அகலமே 108 மில்லிமீட்டர், அதில் பாதி 54. ஒரே ஒரு டிகிரிதான், குழியின் நடுவிலிருந்து விளிம்புக்கு வந்துவிடுகிறது. பார்வைக்கு அது தெரியவே தெரியாது.

இந்த முறை வாங்குவதற்கு முன் என் கையை நானே அளந்துவிடுவது என்று முடிவு செய்தேன். யார்டில் பத்தடி ஸ்லாப் ஒன்றைக் கிடத்தி மேஸ்திரியை விட்டு ரசமட்டம் வைத்துச் சமப்படுத்தினேன். வெறும் பாலிஷ் கல்லில் பந்து நிற்காது, அதனால் வீட்டிலிருந்து பவானி ஜமுக்காளத்தைக் கொண்டுவந்து சுருக்கமில்லாமல் இழுத்து விரித்தேன். அதன் பட்டைக் கோடுகள் நேர்கோடாகவும் உதவின. போனை மேலே ஒரு கம்பியில் கட்டி ஸ்லோ மோஷனில் எடுத்தோம். பந்துக்குப் பின்னால் ஓரடி இழுத்த இடத்தில் தலையின் நடு, கோட்டைவிட்டு 2 சென்டிமீட்டர் உள்ளே வந்திருந்தது. பத்து முறை அடித்ததிலும் கிட்டத்தட்ட அதே அளவு. நேராகத்தான் இழுக்கிறேன் என்று இத்தனை வருடம் சத்தியம் செய்துகொண்டிருந்தவன் நான்.

மேஸ்திரி தூக்குக்குண்டை எடுத்து என் மூக்குத் தண்டிலிருந்து தொங்கவிட்டார். குண்டு பந்தின்மேல் விழவில்லை, ஒன்றரை அங்குலம் என் கால் பக்கம் விழுந்தது. கண் பந்துக்கு நேர் மேலே இருப்பவர்களுக்கு நேர் அடி சுலபம். உள்ளே தள்ளி நிற்பவர்களுக்கு வளைவுதான் இயல்பாக வரும். இரண்டும் ஒன்றையே சொன்னது.

நெக் மாறும்போது குறி பார்க்கும் திசையும் மாறும் என்பதை அங்கேதான் கண்டேன். கேடி அண்ணன் மூலம் மூன்று பட்டர் இரவல் வாங்கி, ஒவ்வொன்றையும் கோட்டுக்கு நேராக வைத்ததாக நான் நினைத்தபின், மேஸ்திரி மூலைமட்டத்தை முகத்தில் ஒட்டிவைத்துப் பார்த்தார். ஆஃப்செட்டே இல்லாததை, அதாவது முகம் தண்டைவிடப் பின்வாங்காததை, நான் இடது பக்கம் திருப்பி வைக்கிறேன். நடுவில் தண்டு வரும் பட்டரை வலது பக்கம். பிளம்பர் நெக் மட்டும் கோட்டிலேயே நின்றது. என் கண்ணுக்கு அப்படி. உங்கள் கண்ணுக்கு வேறு மாதிரி வரலாம், அதனால் என்னைப் பார்த்து வாங்காதீர்கள், மூலைமட்டம் வைத்துப் பாருங்கள்.

பிளம்பர் நெக் என்பது குழாய் எல்போ மாதிரி இரண்டு முறை மடங்கி வருவது. தண்டின் முழு அகலத்துக்கு முகம் பின்வாங்கி இருக்கும். 1966-இல் கார்ஸ்டன் சோல்ஹைம் வடிவமைத்த பிங் ஆன்ஸர் பட்டரில் இருப்பது இந்த நெக்தான், இன்றைக்கும் பல பிளேடுகள் அந்த அச்சில்தான் வருகின்றன. சாதாரணப் பிளேடில் இது இருந்தால் டோ பாதி அளவு தொங்கும். என்னைப் போன்ற நடுத்தர வளைவுக்குப் பொருத்தம். வளைவு அதிகம் என்றால் தண்டு சாய்ந்து வழிந்து இறங்குவது போன்ற ஃப்ளோ நெக், அதில் டோ இன்னும் தொங்கும். மற்ற கிளப்களில் தண்டு ஹீல் பக்கம்தான் இருக்க வேண்டும், பட்டரில் மட்டும் தலையின் எந்த இடத்திலும் பொருத்தலாம் என்று விதியே இடம் கொடுக்கிறது. இத்தனை வகை வந்தது அதனால்தான்.

மாலட் என்றாலே ஃபேஸ் பேலன்ஸ்டு என்று நம்பிவிடாதீர்கள். ஒரே தலை, மூன்று நெக்கில் வரும், மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும். ஒடிஸி கம்பெனிப் பட்டரில் பெயருக்குப் பின்னால் எஸ் என்றிருந்தால் சாய்ந்த நெக், டிபி என்றால் டபுள் பெண்ட், சிஎஸ் என்றால் நடுத்தண்டு. ஆன்லைனில் அந்த எழுத்தைப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்து ஆர்டர் போட்டால் என் கதைதான் உங்களுக்கும்.

கடைசியில் ஓசூரிலேயே ஒருவர் பழைய பிளம்பர் நெக் பிளேடு ஒன்றை ஆறாயிரத்துக்குக் கொடுத்தார். பணம் எடுக்கும் முன் விரலில் வைத்தேன், டோ பாதி சாய்ந்தது. காரில் கொண்டுபோயிருந்த சின்ன கிரானைட் துண்டைத் தரையில் மட்டமாகப் போட்டு, நான் நிற்கிறபடி நின்று பட்டரை அதன்மேல் வைத்தேன். டோ தூக்கவும் இல்லை, ஹீல் தூக்கவும் இல்லை. பழைய பட்டரில் இதை விடக்கூடாது. யாராவது கோபத்தில் தரையில் அடித்து நெக் வளைந்திருந்தால் இங்கேதான் தெரியும். நீளம் 34 அங்குலம், கை தளர்வாகத் தொங்கியது. பத்து நிமிடத்தில் முடிந்த வியாபாரம்.

அடுத்த ஞாயிறு பயிற்சி கிரீனில் எட்டடியிலிருந்து இருபது பந்து. மாலட்டில் 6 போனது, இதில் 11. தவறியவையும் இரண்டு பக்கமும் பிரிந்து போயின, வலது பக்கமே போகும் அந்தச் சாபம் இல்லை. கேடி அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, பந்துகளைப் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டே சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, உண்மையாகச் சொல்கிறேன்.

பீரோவுக்குப் பின்னால் நிற்கும் அந்த மாலட் விற்பனைக்கு. வலது கை, 34 அங்குலம், டபுள் பெண்ட், ஃபேஸ் பேலன்ஸ்டு, கிரிப் புதுசு. நேராக இழுத்து நேராக அடிப்பவர் யாராவது இருந்தால் யார்டுக்கு வாருங்கள். ஸ்லாப்பும் ஜமுக்காளமும் அப்படியே இருக்கின்றன. இருபது பந்து அடித்துப் பார்த்துவிட்டு, கைக்கு ஒத்து வந்தால் மட்டும் விலை பேசலாம்.