பூங்காவில் பெரிய மரம் தேடுவது: இதுவரை

பூங்கா மரத்திடம் உயரத்தை எதிர்பார்க்கக் கூடாது. காட்டில் நெருக்கியடித்து நிற்கும் மரம் வெளிச்சத்துக்காக நெட்டையாகப் போகும். பூங்காவில் நாலு பக்கமும் வெளிச்சம் கிடைப்பதால் அதே மரம் தாழ்வாகவே கிளை பிரித்து அகலமாகப் பரவும். அதனால் முதலில் அடிமரத்தைத்தான் பார்க்கிறேன்.

கிளம்பும் முன் செயற்கைக்கோள் வரைபடத்தில் ஒரு நோட்டம் விடுவதுண்டு. அகலமான பச்சை உருண்டை தெரிந்தால் குறித்துக்கொள்வேன். நேரில் போனால் பல சமயம் மூன்று நடுத்தர மரங்கள் தலையைச் சேர்த்துக்கொண்டு நிற்கும். அதைவிட நல்ல துப்பு நடைபாதை. நேராக வந்த பாதை காரணமில்லாமல் வளைந்தால், பாதைக்கு முன்பே அங்கே ஒரு மரம் இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அடிமரத்தின் சுற்றளவை அளக்கத் தையல் டேப் பத்தாது. கயிற்றைச் சுற்றிக் குறி வைத்து, அப்புறம் கயிற்றை அளக்கிறேன். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் சுற்ற வேண்டும். சரிவாக இருந்தால் மேட்டுப் பக்கத் தரையிலிருந்து. பின்பக்கம் கயிறு தொய்ந்தால் அளவு கூடிவிடும்.

தூங்குமூஞ்சி மரத்தை அளப்பது தனி சுகம். கறுத்த பட்டை நீளநீளமாக வெடித்திருக்கும், வெடிப்புக்குள் எறும்புச் சாரி ஏறிக்கொண்டிருக்கும். அதை நசுக்காமல் கயிற்றை நகர்த்தவே நேரம் போய்விடும். பொழுது சாய்ந்ததும் இலைகள் மடங்க, பகலில் மறைந்திருந்த கிளைகளின் போக்கு முழுசாகத் தெரியும். நான் மாலையில் போவதே அதற்குத்தான்.

ஆலமரம் இந்தக் கணக்கில் அடங்காது. விழுதை அடிமரத்தோடு சேர்ப்பதா, விடுவதா? ஹவுராவில் உள்ள தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரத்தில் பூஞ்சை பிடித்த நடுமரத்தையே 1925-இல் வெட்டி எடுத்துவிட்டார்கள். மரம் விழுதுகளின் பலத்தில் இன்னும் பரவிக்கொண்டிருக்கிறது. ஆலுக்கு நான் விரிவை மட்டும் எடுக்கிறேன். கிளை நுனிக்கு நேர் கீழே ஒரு குறி, எதிர் நுனிக்குக் கீழே ஒரு குறி, இடையே உள்ள தூரம். குறுக்கே இன்னொரு தடவை அளந்து சராசரி போட்டால் சரி.

அமெரிக்காவில் பெரிய மரங்களுக்குப் புள்ளி போடுகிறார்கள். அங்குலத்தில் சுற்றளவு, அடியில் உயரம், சராசரி விரிவில் கால் பங்கு, மூன்றையும் கூட்ட வேண்டும். 150 அங்குலச் சுற்றளவு, 70 அடி உயரம், 100 அடி விரிவு என்றால் 245. என் நோட்டிலும் இப்போது இதே கணக்குதான். ஆனால் விரிவுக்குக் கால் பங்குதானா என்று எனக்கு மனக்குறை. பூங்கா மரம் சம்பாதித்ததே அதைத்தான். அதனால் விரிவுக்கென்று தனிப் பட்டியல் ஒன்று தொடங்கியிருக்கிறேன். ஆலமரங்களுக்கு அதில் இடமில்லை, விட்டால் மற்ற எதற்கும் வாய்ப்பே இருக்காது.