பதிவேட்டில் இருந்தார், வகுப்பில் இல்லை: கணித ஆசிரியரைத் திரும்பப் பெற்ற அனுபவம்

எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்குக் கணித ஆசிரியர் திரும்பி வந்துவிட்டார். நிம்மதிதான். ஆனால் இதற்காக எங்களை அலையவிட்டதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் மற்ற பெற்றோருக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

வெறும் காலிப் பணியிடமாக இருந்திருந்தால் வேலை எளிது. தீர்மானம் போட்டு அனுப்பலாம், மாறுதல் கலந்தாய்வில் அந்த இடத்தைக் காட்டச் சொல்லலாம். 2022-இல் மேலாண்மைக் குழு வழியாகவே தற்காலிக ஆசிரியர்களை நியமித்தார்கள். அதுபோலவும் கேட்டுப் பார்க்கலாம். எங்கள் பள்ளியிலோ காலியிடமே இல்லை. ஆசிரியரின் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது, சம்பளமும் எங்கள் பள்ளிப் பணியிடத்தில்தான். அந்தப் பெயருக்கு நேரே மட்டும் நாள்தோறும் சிவப்பு மையில் ‘மா.ப.’ என்று எழுதியிருந்தது. மாற்றுப் பணி. கல்வி அலுவலகத்தில் புள்ளிவிவரம் ஏற்ற உட்கார வைத்திருந்தார்கள். ஆறு முதல் எட்டு வரை கணக்குப் பாடத்தைத் தமிழாசிரியை சமாளித்துக்கொண்டிருந்தார்.

என் மகள் எட்டாம் வகுப்பு. தேசிய வருவாய்வழி திறன் படிப்புதவித் தொகைத் தேர்வை எட்டாம் வகுப்பில்தான் எழுத முடியும். தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். கூலிக்குப் போகும் வீடுகளில் அது எவ்வளவு பெரிய பணம் என்று சொல்லத் தேவையில்லை. பின்னங்களை வகுக்கத் தெரியாத பிள்ளைகளை எந்த முகத்தோடு அந்தத் தேர்வுக்கு அனுப்புவது?

ஆசிரியரைத் திருப்பி அனுப்பக் கேட்டு மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, அதன் நகலோடு கல்வி அலுவலகம் போனோம். எழுத்தர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. “உங்கள் பள்ளியில் காலியிடம் இல்லையேம்மா, எமிஸில் எல்லாரும் இருக்கிறார்களே” என்றார். எமிஸ் என்பது கல்வித் துறையின் இணையப் பதிவேடு. “அந்த ஆசிரியர் பக்கத்து அறையில்தானே சார் இருக்கிறார்?” என்று கேட்டேன். “அதெல்லாம் நிர்வாக விஷயம்மா” என்று முடித்துவிட்டார். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் போட்டுத் தரவில்லை.

அங்கேயே இன்னொருவர், பள்ளி மானியத்திலிருந்து யாருக்காவது சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னார். தயவுசெய்து இதைக் கேட்டு இறங்கிவிடாதீர்கள். ஒருங்கிணைந்த பள்ளி மானியம் 31 முதல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய். 101 முதல் 250 வரை என்றால் 50,000. பழுதுபார்ப்பு, மின்கட்டணம், எழுதுபொருள் என எல்லாம் அதற்குள். 10 விழுக்காடு தூய்மைப் பணிக்கே ஒதுக்க வேண்டும். அதில் சம்பளம் கொடுத்தால் தணிக்கையில் மாட்டிக்கொள்வது தலைமையாசிரியர்தான். அவரை முன்னால் தள்ளவும் வேண்டாம். மேலதிகாரியை எதிர்த்து அவரால் எழுத முடியாது, நம்மால் முடியும்.

எங்களுக்குக் கைகொடுத்தது 2009 கல்வி உரிமைச் சட்டம். ஒரு பள்ளியில் நியமிக்கப்பட்ட ஆசிரியரை வேறு பள்ளியிலோ அலுவலகத்திலோ பணியாற்ற வைக்கக் கூடாது என்று 25(2) பிரிவு சொல்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றுக்கு மட்டுமே 27-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. புள்ளிவிவரம் ஏற்றுவது அந்தப் பட்டியலில் இல்லை. ஆறு முதல் எட்டு வரை அறிவியல், கணிதத்துக்கென ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும் என்றும் அதே சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது.

அடுத்து தகவல் உரிமை மனு. “ஏன் ஆசிரியர் இல்லை?” என்று கேட்காதீர்கள். விளக்கம் தர இயலாது என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள். ஆகஸ்ட் 1 நிலவரப்படி பள்ளிக்கு எத்தனை ஆசிரியர்கள் என்று காட்டும் பணியாளர் நிர்ணயப் பட்டியல், மாற்றுப் பணி ஆணை, அதற்கு அடிப்படையான விதி ஆகியவற்றை நாங்கள் கேட்டோம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, நேரில் கொடுக்காமல் ஒப்புகை அட்டையுடன் தபாலில் அனுப்பினோம். இந்த முறை முத்திரைக்காக யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

30 நாள் கடந்தும் பதில் இல்லை. முதல் மேல்முறையீடு போட்ட பிறகுதான் உறை வந்தது. கெடு தாண்டிவிட்டால் நகலுக்குக் கட்டணம் கேட்கக் கூடாது, இதையும் நினைவில் வையுங்கள். உள்ளே இருந்த ஆணை அரைப்பக்கம்கூட இல்லை. ‘நிர்வாக நலன் கருதி, மறு உத்தரவு வரும் வரை’ என்று ஒரு வரி. முடியும் தேதியும் இல்லை, சட்டப் பிரிவும் இல்லை. மூன்று வகுப்புப் பிள்ளைகளின் கணக்குப் பாடத்தை அந்த ஒரு வரி விழுங்கியிருக்கிறது.

அந்த நகலையும் 25(2) பிரிவையும் இணைத்து, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் தாய்மார்களாகச் சேர்ந்து போய் ஆட்சியரிடம் கொடுத்தோம். மாற்றுப் பணி ரத்தானது.

விட்டுப்போன பாடங்களுக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. ஆசிரியரே மாலையில் கூடுதலாக ஒரு மணி நேரம் வைத்து, எட்டாம் வகுப்புக்குப் பின்னங்களிலிருந்து தொடங்கியிருக்கிறார். பக்கத்து ஊர்ப் பள்ளியிலும் பதிவேட்டில் ‘மா.ப.’ இருக்கிறதாம். அந்தப் பெற்றோர் எங்கள் மனுவின் நகலை வாங்கிப் போயிருக்கிறார்கள்.