மகளின் மல்யுத்தப் போட்டி: ஒரு முழுநாள் கதை

ஹைஸ்கூல் மல்யுத்தப் போட்டிக்கு முதல்முறை போகிற பெற்றோர் யாராவது இதைப் படித்தால், முதலில் ஒன்று: பிள்ளை மல்லுக்கட்டப் போவது மொத்தமாகக் கூட்டினால் இருபது நிமிடம்கூட வராது, மிச்ச நாள் முழுக்க ஜிம்மில் மரப்பலகையில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதான். முதுகுக்கு ஒரு தலையணை எடுத்துப் போங்கள்.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சி. இங்கே பெண்களுக்கென்று தனியாக மாநில சாம்பியன்ஷிப் வந்ததே 2019-இல்தான், அதுவரை மல்யுத்தம் செய்ய ஆசைப்பட்ட பெண்கள் பையன்களோடு மோதித்தான் முன்னேற வேண்டும். என் மகள் 120 பவுண்டு பிரிவு, நம் கணக்கில் 54 கிலோ சொச்சம்.

விடிவதற்குள் எடை பார்ப்பது தொடங்கிவிடும். போட்டிக்கு அணியும் சிங்லெட்டோடு, ஷூ இல்லாமல் ஏறி நிற்க வேண்டும், துளி கூடினாலும் அந்தப் பிரிவில் ஆட முடியாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகாட் இறுதிப் போட்டி நாள் காலையில் 100 கிராம் கூடியதால் தகுதி இழந்ததிலிருந்து ஊரில் இருக்கும் என் அம்மாவுக்கே இந்த விஷயம் அத்துப்படி. போனை எடுத்ததும் "வெயிட் பார்த்தாச்சாடி?" என்பதுதான் முதல் கேள்வி, அப்புறம்தான் சாப்பாட்டு விசாரணை.

எனக்கும் ஆரம்பத்தில் அந்தப் பயம்தான், எடைக்காகப் பிள்ளையைப் பட்டினி போடுவார்களோ என்று. ஆனால் சீசன் தொடக்கத்திலேயே சிறுநீரைப் பரிசோதித்து உடம்பில் நீர் போதுமா என்று பார்க்கிறார்கள், கொழுப்பு அளவு எடுக்கிறார்கள், பெண்களுக்கு 12 சதவீதத்துக்குக் கீழே போகிற அளவுக்கு எடை குறைக்க அனுமதி இல்லை, வாரத்துக்கு உடல் எடையில் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் குறைக்கவும் கூடாது. இந்த விதிகள் சும்மா வரவில்லை. 1997 கடைசியில் சில வாரங்களுக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடையைக் குறைக்கப் போய் இறந்துபோனார்கள், அதன் பிறகுதான் முதலில் கல்லூரிகளிலும் பின்னர் ஹைஸ்கூலிலும் கட்டுப்பாடு வந்தது. இதையெல்லாம் கேட்ட பிறகுதான் மகளைச் சேர்க்கக் கையெழுத்தே போட்டேன்.

எடையோடு சேர்த்துத் தோலையும் நகத்தையும் பார்ப்பார்கள். படர்தாமரை போல ஏதாவது தெரிந்தால் வெளியேதான், தோலில் இருந்தால் குறைந்தது 72 மணி நேரமாவது மருந்து போட்டிருக்க வேண்டும், டாக்டர் கையெழுத்திட்ட படிவமும் வேண்டும். மகளுக்கு முழங்கையில் வெறும் எக்ஸிமா, ஒட்டாது. ஆனாலும் நடுவர் அதை உற்றுப் பார்த்தார், கோச் ஃபைலிலிருந்து படிவத்தை எடுத்து நீட்டினார், விட்டுவிட்டார்கள். சிவப்பாக எது இருந்தாலும் அதே வாரம் டாக்டரிடம் காட்டிக் காகிதம் வாங்கி வையுங்கள்.

அப்புறம் சாப்பாடு. மற்ற பிள்ளைகள் பேகல், வாழைப்பழம், என் மகள் எலுமிச்சை சாதம். பக்கத்துப் பெண் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

எட்டுப் பேர் கொண்ட பிராக்கெட், அதாவது யார் யாரோடு மோதுவது என்ற அட்டவணை. முதல் சுற்றில் மகளைவிட ஒரு தலை உயரமான பெண், கழுத்தைச் சுற்றி ஒரு பிடி போட்டாள், அவ்வளவுதான், மல்லாந்தாயிற்று. இரண்டு தோளும் இரண்டு நொடி தரையில் பட்டால் ஆட்டம் முடிந்தது, நடுவர் கையால் தரையை ஓங்கி அடிப்பார். அந்தச் சத்தம் ஜிம் முழுக்கக் கேட்கும். நான் பையைக் கட்டத் தொடங்கினேன் என்று நினைப்பீர்கள், இல்லை, ஒரு தடவை தோற்றால் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். தோற்றவர்களுக்கென்று தனியாக ஒரு பக்கம் ஓடும், அதில் ஜெயித்துக்கொண்டே வந்தால் மூன்றாம் இடம் வரை போகலாம். இந்த ஏற்பாட்டின் கொடுமை என்னவென்றால், அழுது முடிக்கக்கூட நேரம் இருக்காது. கொஞ்ச நேரத்தில் போன் ஆப்பில் அடுத்த ஆட்டத்துக்கான மேட் (மல்யுத்த விரிப்பு) நம்பர் வந்து நிற்கும். என்னைக் கேட்டால் இந்த விளையாட்டிலேயே நல்ல விஷயம் அதுதான்.

இரண்டாவது ஆட்டம்தான் பார்க்க வேண்டியது. மகள் முதலிலேயே எதிராளியைத் தரையில் சாய்த்து அடக்கும் டேக்டவுன் போட்டு மூன்று புள்ளி எடுத்தாள் (2024 வரை இரண்டுதான் என்று பழைய பெற்றோர் இன்னும் புலம்புகிறார்கள்), எதிராளி நழுவி எழுந்து ஒன்று, இரண்டாம் பகுதியில் கீழே இருந்து மகள் எழுந்ததற்கு ஒன்று, 4-1. கடைசிப் பகுதியில் அந்தப் பெண் காலைப் பிடித்துத் தரையில் சாய்த்ததும் 4-4. நேரம் ஓடுகிறது, கோச் இடுப்பை நகர்த்து என்று கத்துகிறார், நானும் என்னவோ கத்துகிறேன், எந்த மொழியில் என்றே தெரியவில்லை. அடியில் கிடந்தவள் எப்படியோ சுழன்று மேலே வந்தாள், அதற்கு இரண்டு. 6-4. அடுத்த ஆட்டத்தில் எதிராளியின் இரண்டு தோளையும் தரையில் அழுத்தி முடித்துவிட்டாள், நான் தண்ணீர் பாட்டில் திறந்து நிமிர்வதற்குள்.

மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் 4-1 என்று தோற்றாள். கடைசி இரண்டு நிமிடம் முழுக்க மேலே இருந்த பெண் எழவே விடவில்லை. ஒலிம்பிக் பாணியில் தரையில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் நடுவர் இருவரையும் எழுப்பி நிற்க வைத்துவிடுவார், அமெரிக்கப் பள்ளிகளில் அப்படி இல்லை, அழுத்தி வைத்திருப்பதே ஒரு திறமை. நடுவர் முஷ்டியை உயர்த்தி மேலே இருந்தவளை ஒருமுறை எச்சரித்தார், ஆனால் முதல் எச்சரிக்கைக்குப் புள்ளி கிடையாது. என் கணவர் நடுவரைத் திட்டினார். மகள் திட்டவில்லை, "மணிக்கட்டை விடுவிக்கத் தெரியலம்மா" என்றாள்.

நான்காம் இடம். இந்த வாரம் பயிற்சியில் கீழிருந்து எழுவதை மட்டுமே செய்யப்போவதாகக் கோச் சொல்லியிருக்கிறார். ஒன்று மறந்துவிட்டேன்: படர்தாமரை போல எதுவும் ஒட்டாமல் இருக்க, ஜிம்மில் குளிக்க வசதி இருந்தால் அங்கேயே சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்ததும் சிங்லெட், முழங்கால் பட்டை எல்லாவற்றையும் அன்றிரவே மெஷினில் போடுங்கள், காதுகளைக் காக்கும் ஹெட்கியரைத் துடைத்து வையுங்கள். எவ்வளவு அசதியாக இருந்தாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பையை மூடி வைக்காதீர்கள்.