கஷாயமா, சிமென்ட்டா?

அம்மா விழவில்லை, வழுக்கவும் இல்லை. பாதி வாளித் தண்ணீரைத் தூக்கினார், முதுகில் ‘சடக்’ என்றது, அவ்வளவுதான். வெறும் பிடிப்பு என்று நினைத்து நான்கு நாள் களிம்பு தடவியே ஓட்டினோம். எக்ஸ்ரே எடுத்தபோதுதான் எல்-1 என்கிற, இடுப்புப் பகுதியின் முதல் முதுகெலும்பின் முன்பக்கம் ஆப்பு மாதிரி நசுங்கியிருந்தது தெரிந்தது. வயது 72. இதையும் ‘எலும்புத் தேய்மானம்’ என்றே சொல்லிவிடுகிறோம். மூட்டு தேய்வது வேறு. இது எலும்பே உள்ளுக்குள் பொத்தலாகிப் போவது, ஆஸ்டியோபோரோசிஸ்.

அன்று ராத்திரியே வீடு இரண்டுபட்டது. தம்பி தன் கழுத்து வலிக்காகச் சீன மருத்துவரிடம் போய்க்கொண்டிருப்பவன்.

“அக்கா, இந்த வயசுல அம்மா முதுகுல ஊசி குத்தி சிமென்ட் ஊத்தணுமா?”

“நீ சொல்ற இடத்துலயும் ஊசிதானடா குத்துவாங்க?”

இரண்டு பேரையும் பார்ப்பது என்று முடிவானது. அறுவை மருத்துவர் உடனே தேதி கொடுத்துவிடுவார் என்று நினைத்துப் போனேன். அவரோ நிதானமாகப் பேசினார். எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, நசுங்கிய எலும்புக்குள் ஊசியைச் செலுத்தி அக்ரிலிக் சிமென்ட்டைக் குழைவாக ஏற்றுவார்கள். சில நிமிடங்களில் அது இறுகிவிடும். பலூன் வைத்து முதலில் இடம் உண்டாக்கும் முறையும் உண்டு. சிமென்ட் கசிந்து நரம்புப் பக்கமோ நுரையீரலுக்கோ போகும் ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. 2009-ல் வெளியான இரண்டு ஆய்வுகளைப் பற்றியும் சொன்னார். பாதிப் பேருக்கு சிமென்ட் ஏற்றாமல், ஏற்றுவது போல நடித்தார்களாம். வலி இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் குறைந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை. முதல் சில வாரங்களில் வலி தாங்க முடியாதவர்களுக்குப் பலன் இருக்கலாம் என்று சொல்வனவும் உண்டு. “பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரத்தில் தானாகவே அடங்கும். கால் மரத்தாலோ, பலமிழந்தாலோ, சிறுநீர் கட்டிக்கொண்டாலோ மட்டும் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காதீர்கள்” என்றார்.

சீன மருத்துவர் அம்மாவின் இரண்டு மணிக்கட்டிலும் மூன்று மூன்று விரலை வைத்து வெகுநேரம் நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார். அவர்கள் கணக்கில் எலும்புக்கு அதிபதி சிறுநீரகம். டூ ஹுவோ ஜி ஷெங் தாங் என்ற கஷாயத்தை எழுதினார். ஏழாம் நூற்றாண்டுச் செய்முறை, 15 சரக்கு. அதில் டு சோங் என்று ஒரு மரப்பட்டை. ஒரு துண்டை ஒடித்துக் காட்டினார். ஒடிந்த பிறகும் இரண்டு பாதியையும் வெள்ளி நூல் மாதிரி மெல்லிய இழைகள் பிடித்துக்கொண்டிருந்தன. ஒடிந்த எலும்புக்கு இதைக் கொடுக்கலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியிருக்குமோ! எனக்கே மனது கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

ஆனாலும் 15 சரக்கின் பெயரையும் எழுதி வாங்கிக்கொண்டு அம்மாவுக்கு வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் காட்டினேன். அதிமதுரம் ரத்த அழுத்தத்தை ஏற்றும், அம்மா ஏற்கெனவே அதற்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஷி ஷின் என்ற வேர், சிறுநீரகத்தைக் கெடுக்கும் அமிலம் உள்ள செடிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டையும் அடித்துவிட்டார். சீன மருத்துவர் கோபித்துக்கொள்ளாமல் மாற்றி எழுதினார். உடைந்த முதுகை யாரும் அழுத்திப் பிடித்துவிடக் கூடாது என்று அவரே எச்சரிக்கவும் செய்தார்.

அப்புறம் பெல்ட், வலி மாத்திரை, கஷாயம், வாரம் இரண்டு முறை அக்குபஞ்சர். படுக்கையிலிருந்து எழ அம்மா ஒரு முறை பழகினார்: முழங்காலை மடக்கி, மரக்கட்டை மாதிரி உடம்பை மொத்தமாகப் பக்கவாட்டில் புரட்டி, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுவது. ஐந்தாவது வாரமும் புரளும்போது முனகல் நிற்காததால், தம்பியே இறங்கிவந்து சிமென்ட்டுக்குத் தேதி வாங்கினான். அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் அம்மா எழுந்து தனியாகக் குளிக்கப் போனார். தேதியை ரத்து செய்தோம். கஷாயம்தான் காரணம் என்கிறான் தம்பி. அக்குபஞ்சர் செய்த பெண்ணின் கை ராசி என்கிறார் அம்மா. டாக்டர் காலண்டரைக் காட்டுகிறார்.

இவ்வளவுக்கும் நடுவில் பிசியோதெரபி சொல்லித்தர வந்த பெண்தான் சாதாரணமாகக் கேட்டார்: “எலும்புக்கு என்ன மருந்து எடுக்கிறாங்க?” நானும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கஷாயமா சிமென்ட்டா என்று சண்டை போட்டதெல்லாம் வலிக்காக. சிமென்ட் ஏற்றியிருந்தாலும் ஒரு எலும்பு இறுகியிருக்கும், மற்றவை அப்படியேதான் பொத்தலாக இருந்திருக்கும். ஒன்று நசுங்கினால் அடுத்தது நசுங்கும் வாய்ப்பும் கூடுகிறது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தோம். அதில் வரும் டி-ஸ்கோர் என்ற அளவு மைனஸ் 2.5-ஐத் தொட்டாலே நோய், அம்மாவுக்கு மைனஸ் 3.4. ஆறு வாரத்தை வீணாக்கிவிட்டோமே என்று இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

இப்போது தினமும் எலும்பை வளர்க்கும் டெரிபாராடைடு ஊசி, 20 மைக்ரோகிராம். பொதுவாக 24 மாதம் வரைதான், அதற்குப் பிறகு வேறு மருந்துக்கு மாற வேண்டும். பேனா வடிவ ஊசியைத் திறந்தால் 28 நாள்தான், ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். காலையில் அம்மாவே வயிற்று மடிப்பைப் பிடித்துக் குத்திக்கொண்டு, காலண்டரில் ஒரு கோடு போடுகிறார். ஆணியைத் தம்பி நான்கு விரற்கடை கீழே இறக்கி அடித்த பிறகுதான் காலண்டர் அவருக்கு எட்டுகிறது.