மழை ஊரில் ஓர் அடம்பங்கொடி

"வெயில் தாங்குற கொடியா? இங்கயா? அக்கா, மழை தாங்குறதா கேளுங்க." நர்சரித் தம்பி பக்கத்தில் நின்றவரிடம் அதை மலாயிலும் ஒருமுறை சொன்னான். அவரும் சிரித்தார். நான் குடையை விரித்துக்கொண்டு நடையைக் கட்டினேன்.

அவன் சொன்னது நியாயம்தான். கல்யாணமாகி நான் வந்து சேர்ந்தது மலேசியாவில், தைப்பிங் பக்கத்து எஸ்டேட் டவுன். ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் மழை. இன்றைக்கு மழை எத்தனை மணிக்கு என்று தைப்பிங்கில் ஒரு காலத்தில் பந்தயமே கட்டுவார்களாம். தூத்துக்குடி மாவட்டக் கடலோரத்தில், எங்கள் வேம்பார் பக்கம் அதில் ஐந்தில் ஒரு பங்கு பெய்தாலே கண்மாய் மறுகால் போகும். இங்கே காலையில் போட்ட கோலத்தைச் சாயங்காலம் பார்த்தவர் கிடையாது. அப்பளம் நமுக்கிறது. வத்தல் போடுவதை விட்டேவிட்டேன். ஊரிலிருந்து வருகிற மோர்மிளகாயை விருந்தாளி கண்ணில் படாமல் ஒளித்துவைக்கும் அளவுக்குக் குணமும் கெட்டுவிட்டது.

பள்ளி விடுமுறையில் கிழக்குக் கரையோரத் திரங்கானு போனபோதுதான் அதைப் பார்த்தேன். கடற்கரை மணல் முழுக்க அடம்பங்கொடி. "எங்க ஊர்க் கொடி!" என்று கத்திவிட்டேன். "இது இந்த ஊர்க் கொடி" என்றார் வீட்டுக்காரர். இரண்டும் சரிதான். விதை உப்புத் தண்ணீரில் மிதந்தாலும் கெடாது, ஒதுங்கிய கரையில் முளைக்கும். அதனிடம் யாரும் விசா கேட்பதில்லை.

கணுவோடு சில துண்டுகளை ஈரத்தாளில் சுற்றி எடுத்துவந்தேன். எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, செம்பனைத் தோட்டத்தை அழித்துக் கட்டியது, தோண்டினால் களிமண். தண்ணீர் நின்றால் அடம்பு அழுகும். அதனால் மணல் வாங்கி வாசல் ஓரம் முழ உயரத்துக்கு மேடு போட்டோம். எரு கிடையாது. கணு மணலைத் தொட்ட இடமெல்லாம் வேர்விட்டது.

அத்தை ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். ஓர் இலையைக் கிள்ளினார். கசிந்த பாலை விரலில் தொட்டு, கட்டைவிரலால் தேய்த்து, முகர்ந்தார். "ஓட்டம் பரவால்ல. ஷீட்டு அடிக்க ஆகாது."

கொடி மளமளவென்று படர்ந்தது, பூ மட்டும் இல்லை. உள்ளங்கை அகலத்துக்குக் கொழுகொழுவென்று இலை. பிறகுதான் தெரிந்தது, நான் கடைக்குப் போகும் நேரம் பார்த்து அத்தை மீன் கழுவிய தண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்கிறார். "பட்டினி போட்டாத்தான் அத்தை பூக்கும்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை விடுங்கள். பிள்ளைகளையும் இப்படித்தான் வளர்க்கப் போகிறாயா என்று கேட்காததுதான் பாக்கி. மீன் தண்ணீர் இப்போது கறிவேப்பிலைக்குப் போகிறது. நான் குளிக்கும் நேரத்தில் எங்கே போகிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஒருவழியாகப் பூத்தது. ஊதா கலந்த ரோஸ், தொண்டைக்குழி மட்டும் இன்னும் அடர்ந்த நிறம். காலையில் விரியும், மத்தியானத்துக்குமேல் துவளும். அன்றைக்கே அம்மாவுக்குப் போன் போட்டு, "எனக்கு இங்க எல்லாம் பழகிருச்சும்மா" என்றேன். சொல்லும்போதே மனசு வேம்பார் மணலில் ஓடுகிறது. உச்சிவெயிலில் செருப்பில்லாமல் கடலுக்கு ஓடுவோம். கால் சுட்டால் அடுத்த அடம்பங்கொடி வரை ஒரே தாவல். இலைமேல் நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி ஓட்டம். கருவாடு காயப்போட்டிருக்கும் ஆச்சி கம்பைத் தூக்குவாள். இங்கே என் வாசல் மணல் இன்னும் ஒருநாள்கூடச் சுடவில்லை. என் பிள்ளைகள் அதன்மேல் ஜப்பான் சிலிப்பரோடு நிற்கிறார்கள்.

அத்தைக்குப் பூவிலும் திருப்தியில்லை. "தலையில வைக்க ஆகாது, சாமிக்கு ஆகாது, கறிக்கும் ஆகாது. பாதி எடத்தக் குடும்மா, பயித்தங்கொடி போடுறேன்."

கால்வாசி தருகிறேன் என்றேன். பேரம் இன்னும் படியவில்லை, ஆனால் பந்தலுக்குக் கம்பு நட்டாகிவிட்டது.