மாவுக்கட்டைப் பிரித்த பிறகு

மழைக்காலத்தில் கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் வீட்டு வாசற்படியில் வழுக்கியபோது, வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டுக்குச் சற்று மேலே, முன்கையின் கட்டைவிரல் பக்கம் இருக்கும் ஆரை எலும்பு முறிந்து பின்பக்கமாக விலகிவிட்டது. அயர்லாந்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814ஆம் ஆண்டிலேயே விவரித்த முறிவு இது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதிகமாக நேர்வது. எலும்பை இழுத்து நேராக்கி, மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்தி வைத்திருக்க வேண்டும் என்றோ, கட்டுக்கு வெளியே இருக்கும் விரல்களையும் தோளையும் முதல் நாளிலிருந்தே அசைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்றோ அங்கு எவரும் சொல்லவில்லை. இதை நான் குறையாகவே சொல்கிறேன். சொல்லியிருந்தால் அரை நிமிடம்தான் ஆகியிருக்கும்.

கட்டைப் பிரித்தபோது எக்ஸ்ரேயில் எலும்பு ஒழுங்காகக் கூடியிருந்தது. ஆனால், கை வீங்கி, தோல் பளபளத்துச் சிவந்து, இடது கையைவிடச் சூடாக இருந்தது; உள்ளங்கை ஓயாமல் வியர்த்தது. மின்விசிறிக் காற்று பட்டாலே எரிந்தது. விரல்கள் பாதிகூட மடங்காததால் சோற்றைப் பிசைய முடியவில்லை. பார்க்க வந்த உறவினர்களில் பாதிப் பேர் கையை அசைக்காமல் வைத்திருக்கச் சொன்னார்கள். மீதிப் பேர் எண்ணெய் போட்டு நீவிவிடச் சொன்னார்கள். "நம்மூர்ல கட்டுக் கட்டறவருகிட்ட நாலு தடவ நீவிக்கிட்டா சரியாப் போயிருமுங்க அக்கா" என்று என் நாத்தனார் மிகுந்த அக்கறையோடு சொன்னார். இரண்டு யோசனையுமே அன்பினால் வந்தவைதாம். இரண்டுமே என் கைக்குக் கேடானவை என்று ஈரோட்டில் நான் பார்த்த எலும்பு மருத்துவர் விளக்கினார்.

அவர் சி.ஆர்.பி.எஸ். (காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம், அதாவது அடிபட்ட கையிலோ காலிலோ வலி அளவுமீறித் தொடரும் நிலை) என்று குறிப்பிட்ட இந்தச் சிக்கலை, ஜெர்மானிய மருத்துவர் பால் சூடெக் 1900ஆம் ஆண்டில் விவரித்ததால் பழைய மருத்துவர்கள் அவர் பெயராலேயே அழைப்பதும் உண்டு. இதை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. கிருமித் தொற்று, நரம்பு அழுத்தம், தசைநார் அறுந்துபோதல் போன்ற பிற காரணங்கள் இல்லை என்று பார்த்துவிட்டு, வலி, வீக்கம், நிறம், வெப்பம், வியர்வை ஆகியவற்றைக் கொண்டே முடிவு செய்கிறார்கள். திருடன் போன பிறகும் விடாமல் குரைக்கும் நாயைப் போல, காயம் ஆறிய பின்னும் நரம்புகள் மூளைக்கு அபாயச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன என்றார் மருத்துவர். வலிக்குப் பயந்து கையை ஒதுக்கி வைத்தால் மூட்டுகளைச் சுற்றிய உறை சுருங்கும், வீக்கம் வடியாது, எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து குறையும், அதனால் வலி இன்னும் கூடும். வன்மையாக இழுப்பதும் நீவுவதும் அதே நரம்புகளை மேலும் கிளறிவிடும்.

மருந்துகள் வலியைத் தாங்கும் அளவுக்குக் குறைத்தன. கையை மீட்டது பிசியோதெரபிதான். என் மகள் வயதுள்ள அந்தப் பெண் முதல் நாளில் என் கையைத் தொடவே இல்லை. கோணமானியை வைத்து, மணிக்கட்டு எவ்வளவு மேலே வளைகிறது என்று அளந்தார். இடது கை 70 பாகை வந்த இடத்தில் வலது கை 15 பாகையைத் தாண்டவில்லை. பிறகு ஒரு விதி சொன்னார்: "பண்ணும்போது வலிக்கத்தானுங்கம்மா செய்யும். கொஞ்ச நேரத்துல அடங்கிருச்சுன்னா பயப்பட வேண்டாமுங்க. மறுநாள் காலைல வீக்கம் கூடியிருந்தா, அன்னிக்கு அளவக் கொறச்சுக்கோங்க." எந்த வலியைப் பொறுக்கலாம், எந்த வலிக்கு நிறுத்த வேண்டும் என்ற குழப்பத்தில் தவித்த எனக்கு, கிடைத்த எல்லா மருத்துவத்திலும் இந்த விதியே பெரியதாகத் தெரிந்தது.

முதலில் தொடு உணர்ச்சியைப் பழக்கினோம். பஞ்சு, பழைய வேட்டித்துணி, துவாலை, கடைசியில் தேங்காய் நார் என்று ஒவ்வொன்றாகத் தோலில் தடவ வேண்டும். ஒரு பாத்திரத்தில் கேழ்வரகையும் பிறகு கொள்ளையும் கொட்டி அதற்குள் விரல்களை அளைய வேண்டும். கூடவே கண்ணாடிப் பயிற்சியும் இருந்தது. நடுவில் கண்ணாடியை நிறுத்தி, வலது கையை அதன் பின்னால் மறைத்துக்கொண்டு, இடது கையை அசைத்தால், கண்ணாடியில் வலது கை வலியில்லாமல் அசைவதாக மூளை காண்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், உறுப்பு துண்டிக்கப்பட்டவர்களுக்கு இல்லாத கையில் தோன்றும் வலிக்காக 1990களில் கொண்டுவந்த முறை இது என்று அறிந்தபோது, எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி உண்மையானது.

வெப்பமும் எரிச்சலும் தணிந்த பின்னரே உருகிய மெழுகில் கையைத் தோய்க்கும் சிகிச்சையும், மணிக்கட்டுப் பயிற்சிகளும் தொடங்கின. எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது, முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, விபூதி வாங்கக் கையேந்துவதுபோல் உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவதுதான். பிறகு மண்டியிட்டுத் தரையில் பிரஷை அழுத்தித் தேய்க்கவும், பையில் துவரம்பருப்பைப் போட்டுத் தூக்கி நடக்கவும் சொன்னார். கைக்குப் பாரம் பழக்கும் இந்தப் பயிற்சி, இத்தகைய வலிக்கென்றே வகுக்கப்பட்டது. இதற்கிடையே தோளும் இறுகியிருந்ததால், சுவரில் விரல்களை ஊர்ந்து ஏற்றும் பயிற்சியையும் சேர்த்துச் செய்தேன்.

முன்னேற்றம் ஒரே சீராக வரவில்லை. வாரக்கணக்கில் கோணமானி அதே எண்ணைக் காட்டிய காலமும் உண்டு. கவுந்தப்பாடி வழியாக ஈரோட்டுக்குப் பேருந்தில் சென்று வருவதற்கே பாதி நாள் போய்விடும். தோட்ட வேலையை விட்டுவிட்டு வர இயலாமல் இடையிலேயே நின்றுபோன பெண்களை அந்தச் சிகிச்சை அறையில் பார்த்திருக்கிறேன்; அவர்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிக்கவும் வழி உண்டு. இடுப்பு எலும்பு முறிந்து அறுவை செய்துகொண்ட எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் அப்படித்தான் நடக்கத் தொடங்கினார். அந்த வயதில் படுத்தே கிடந்தால் படுக்கைப் புண், நுரையீரல் அழற்சி, காலில் இரத்தக்கட்டு ஆகியவை வரக்கூடும் என்பதால், அவரை எழுப்பி நிறுத்துவதே உயிர்காக்கும் சிகிச்சையாக இருந்தது.

இப்போது என் விரல்கள் முழுவதும் மடங்குகின்றன, எரிச்சல் இல்லை, எழுதுகிறேன், மாவு பிசைகிறேன். மணிக்கட்டு மேல்நோக்கி வளைவதில் கடைசிச் சில பாகைகள் திரும்பவில்லை, நிறைகுடத்தை ஒற்றைக் கையால் தூக்குவதும் இல்லை. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்ததால், மருத்துவர் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொன்னார், அதில் வரும் டி-மதிப்பு என்னும் அளவு -2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை, அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நிலை, என்று கொள்கிறார்கள், எனக்கு அதற்கும் கீழே இருந்தது. அதற்கான மருந்தும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் வைட்டமின் டி-யும் எடுத்துவருகிறேன். காலையில் பால் காயும் நேரத்தில் கைப்பயிற்சிகளைச் செய்துவிடுகிறேன். அடுத்த ஸ்கேனுக்கு என் தங்கையையும் உடன் அழைத்துச் செல்லப் பேசி வைத்திருக்கிறேன்.