இஞ்ஞாசியாரின் ஊரில் இன்னொருவரைத் தேடி

ஸ்பெயினின் பாஸ்கு நாட்டில் உரோலா ஆற்றங்கரையில் இருக்கும் லொயோலா திருத்தலத்துக்கு வருகிற திருப்பயணியரில் பெரும்பாலோர், இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் பிறந்த வீட்டையும் அதைச் சூழ்ந்து எழுப்பப்பட்ட பேராலயத்தையும் தரிசித்துத் திரும்பிவிடுகின்றனர். நான் அங்கே செபித்துவிட்டு, அருகிலுள்ள அஸ்பெய்த்தியா ஊரின் பங்கு ஆலயமான புனித செபஸ்தியார் கோவிலுக்கு நடந்தேன். இஞ்ஞாசியார் திருமுழுக்குப் பெற்ற தொட்டி அங்கே இருக்கிறது என்பது ஒரு காரணம். அதைவிட, இசையமைப்பாளர் ஹுவான் தே ஆஞ்சியேத்தா அந்தக் கோவிலின் பங்குத் தலைவராக இருந்தார் என்பதே என்னை இழுத்தது.

1462-ஐ ஒட்டிப் பிறந்த இவர் தாய்வழியில் லொயோலா குடும்பத்துக்கு உறவினர். 1489-இல் அரசி இசபெல்லாவின் சிற்றாலயப் பாடகராகச் சேர்ந்து, பின்னர் அரசியின் மகனான இளவரசர் ஹுவானின் இசைத் தலைவரானார். கோடைப் பிற்பகல்களில் இவரும் நான்கைந்து பாடற் சிறுவரும் அரண்மனைக்குச் செல்ல, இளவரசர் அவர்களோடு அமர்ந்து இரண்டு மணி நேரம் பாடுவார் என்று அரண்மனையில் பணிபுரிந்த ஓவியேதோ எழுதிவைத்திருக்கிறார். அந்த இளவரசர் 1497-இல், பத்தொன்பது வயதில், இறந்துபோனார்.

முதுமையில் ஊர் திரும்பியவருக்கு அமைதி வாய்க்கவில்லை. பங்குப் பதவியின் வாரிசுரிமை குறித்து லொயோலா குடும்பத்தோடு பகை மூண்டது. 1515-இல் இளைஞர் இஞ்ஞாசியாரும் அவருடைய சகோதரரும் ஒரு வன்செயலுக்காகக் குற்றஞ்சாட்டப்பட்டபோது, அதற்கு இலக்கானவர் ஆஞ்சியேத்தாவே என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். (புனிதர்களின் வரலாற்றில் இத்தகைய பக்கங்களை நாம் வேகமாகப் புரட்டிவிடுகிறோம்.) தமக்குப் பின் பொறுப்பேற்க வேண்டுமென்று இவர் விரும்பிய உறவினர் 1518-இல் கொலையுண்டார்.

1523-இல் இறந்த ஆஞ்சியேத்தா, தாம் ஆதரித்த பிரான்சிஸ்கன் மடத்தில் அடக்கம் செய்யப்பட விரும்பியிருந்தார். ஆனால் பங்குக் குருக்கள் உடலைக் கைக்கொண்டு இந்தக் கோவிலிலேயே புதைத்தனர். எஞ்சியிருக்கும் இவருடைய இசையில் திருப்பலிப் பாடல்களும், இறந்தோருக்கான ‘லிபெரா மே’ மன்றாட்டும் உண்டு. ஆரவாரமில்லாமல் குரல்கள் ஒன்றாகவே நகரும் அந்த எளிமையைக் குறையாகச் சொல்பவர்கள் உள்ளனர். “ஆண்டவரே, நித்திய மரணத்திலிருந்து என்னை விடுவித்தருளும்” என்னும் வேண்டுதலுக்கு அதற்குமேல் அணிகலன் வேண்டியதில்லை என்பதே என் எண்ணம். அந்த வேண்டுதலைத் தமிழில் மெல்லச் சொல்லி, ஆஞ்சியேத்தாவுக்காக மன்றாடினேன். அவரோடு பகைத்த குடும்பத்துக்காகவும்தான்.